ஹலமா கொப்பரை கிண்டிய சனிக்கிழமை

அன்புள்ள லுமீருக்கு,

யசெனோவிலிருந்து அப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மாவின் இடுப்பைத் தவிர எல்லாரும் எல்லாமும் சுகம். அங்கே உன் முழங்காலைத் தவிர நீயும் யித்காவும் குழந்தை ரோஸாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஃபோனில் சொல்லியிருக்கலாமே, இந்தக் காலத்தில் காகிதத்தில் யார் எழுதுகிறார்கள் என்று கேட்பாய். ஃபோனில் பேசினால் பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள், மீதிப் பாதியில் ரோஸா பூனையைக் காட்டச் சொல்வாள், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதோடு நான் இப்போது இருக்கிற நிலையில் வாயைத் திறந்தால் சிரிப்புதான் வருகிறது, ஐம்பத்தெட்டு வயது லத்தீன் வாத்தியார் பள்ளிக்கூடப் பெண்ணைப் போலச் சிரிப்பதை நீ கேட்க வேண்டாம். இரண்டு நாளாக அம்மா உன்னிடம் சரியாகப் பேசாமல் ஃபோனை வைத்துவிடுகிறாள் அல்லவா, கோபம் ஒன்றுமில்லை, நான் எழுதி முடிக்கிறவரை வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன், பாவம், நாக்கைக் கடித்துக்கொண்டு திரிகிறாள். உங்கள் ஐஸ் ஹாக்கி அணிக் கோல்கீப்பரின் மனைவி வியாழக்கிழமை பிராகில் விமானம் ஏறுகிறாளாம். அவள் பெட்டியில் இந்தக் கடிதமும் இரண்டு சீசா பிளம்ஸ் போவிட்லாவும் வருகின்றன. சீசாவைத் திறந்ததும் லேசாக அடிப்பிடித்த வாசனை வரும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதே. அது ஹலமாவின் கைவண்ணம். எந்த ஹலமா என்று கேட்காதே, எனக்கு உலகத்தில் ஒரே ஹலமாதான்.

முதலிலேயே விஷயத்தை உடைத்துவிடுகிறேன். உன் நிபந்தனை எனக்குத் தெரிந்துவிட்டது, பயலே. அப்பா ஸ்டேடியத்துக்குள் வந்து உட்கார்ந்து பார்ப்பார் என்றால் யசெனோவ் அணிச் சட்டையைப் போடுகிறேன், இல்லாவிட்டால் இங்கேயே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று ஹலமாவிடம் சொல்லியிருக்கிறாய், அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் மட்டும் கஜகஸ்தானின் காற்றைப் பற்றியும் குதிரைக்கறியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாய். ஆக, முப்பத்து மூன்று வயதில் நீ குடும்பத்தோடு வீடு திரும்புகிறாயா, இல்லை அந்த வெட்டவெளியிலேயே முழங்கால் தேய்கிறவரை ஆடப் போகிறாயா, ரோஸா நம் தெருப் பள்ளிக்கூடத்தில் சேருகிறாளா, இல்லை எங்கோ யாரிடமோ வளருகிறாளா என்பதெல்லாம் என்னுடைய ஒரு சொல்லில் தொங்குகிறது. இந்த மாதக் கடைசிக்குள் நீ கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் தெரியும். அந்தச் சொல்லைச் சொல்லத்தான் போகிறேன், ஆனால் அதற்குரிய இடத்தில் சொல்வேன். சின்ன வயதில் கதைப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிற வழக்கம் உனக்கு உண்டு. அந்த வேலையை இங்கே காட்டாதே. பதினெட்டு வருஷம் காத்திருந்து சம்பாதித்த கதை இது, வரிசையாகத்தான் படிக்க வேண்டும்.

யித்காவும் படிப்பாள், அவளுக்கு முழுக்கதை தெரியாது, அதனால் பழையதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பதினைந்து வயதானபோது ஹலமா சிறுவர் அணிக்குப் பயிற்சியாளன். அந்த வசந்தத்தில் யார் யார் மேலே போகலாம் என்று சொல்ல எல்லாப் பெற்றோரையும் ஸ்டேடியத்துக்கு வரச் சொன்னான். உன் முறை வந்ததும் எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்: "இந்தப் பையனுக்குத் தோளே இல்ல. அவங்க அப்பா மாதிரி புத்தகம் படிக்கட்டும்." உன் இடத்தில் மர அறுவை ஆலைக்காரரின் மகனைப் போட்டான். அந்தப் பையனுக்குத் தோள் இருந்தது, உண்மைதான். தோளுக்கு மேலே ஒன்றும் இருக்கவில்லை. நான் உன் பையைத் தூக்கிக்கொண்டு முன்வாசலில் நின்று, எல்லாரும் கேட்க, இந்த வாசற்படியை இனிமேல் மிதிக்க மாட்டேன் என்று சொன்னேன். மிதிக்கவும் இல்லை. தேர்தலுக்கு வாக்குச்சாவடியை அங்கே வைத்த வருஷம் நான் வாக்களிக்கவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளைச் சறுக்கக் கூட்டிக்கொண்டு போகும் நாளில் வாசலோடு நின்று, அவர்கள் கழற்றிப் போடும் ஸ்கார்ஃபுகளைக் கைநிறையப் பிடித்துக்கொண்டு பனியில் நனைவேன், ஊரே பார்த்துச் சிரிக்கும். உன்னைப் பக்கத்து ஊர் அணியில் சேர்த்து, பள்ளிக்கு முன்னால் பயிற்சிக்குக் கொண்டுபோய்விட்டதெல்லாம் உனக்கு நினைவிருக்கும், கோடையில் மட்டும் ஹீட்டர் வேலை செய்யும் அந்தப் பழைய ஸ்கோடாவையும் மறந்திருக்க மாட்டாய். பிறகு கனடா, பிறகு அமெரிக்காவில் சின்ன லீக், ஒரே ஒரு முறை பெரிய லீக்கிலிருந்து கூப்பிட்டு ஒரே ஒரு ஆட்டம், மறுநாளே யசெனோவில் பாதிப் பேர் உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர்கள் ஆகிவிட்டார்கள். பிறகு பல்லைத் தொலைத்த ஃபின்லாந்து, யித்காவைக் கண்டெடுத்த ஜெர்மனி, இப்போது கஜகஸ்தான். எத்தனையோ நாட்டு ஸ்டேடியங்களில் உட்கார்ந்து நீ ஆடுவதைப் பார்த்துவிட்டேன், நம் வீட்டு ஜன்னலில் நின்றால் கூரை தெரிகிற ஸ்டேடியத்தில் மட்டும் பார்த்ததில்லை. மற்றவர்கள் காய்ந்த காளானைச் சீசாவில் போட்டு, மேலே வருஷம் எழுதி வைப்பதுபோல நான் பகையைப் போட்டு வைக்கிறேன் என்று அம்மா சொல்வாள். உண்மைதான். தலைமையாசிரியர் பதவியை எனக்குக் கொடுக்காமல் உடற்பயிற்சி வாத்தியாருக்குக் கொடுத்தது ஒரு சீசா. உன் தாய்மாமா ஸ்லாவெக் என் பின்னாலேயே மோப்பம் பிடித்து வந்து என் காளான் காட்டைக் கண்டுபிடித்தது ஒரு சீசா. ஆனால் அலமாரியில் முன்வரிசைச் சீசா எப்போதும் ஹலமாதான், இப்போது அவன் ஹாக்கிக் கழகத்துக்கே தலைவர் வேறு.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன். இந்த வருஷம் பிளம்ஸ் கிளை முறியக் காய்த்திருக்கிறது, முட்டுக் கொடுத்தும் இரண்டு கிளை போய்விட்டது. விடிந்ததிலிருந்து முற்றத்தில் செப்புக் கொப்பரையை ஏற்றி, சர்க்கரை ஒரு பிடிகூடப் போடாமல், வழக்கப்படி பழத்தை மட்டும் கிண்டிக்கொண்டிருந்தோம். மதியம் வரை மாறி மாறிக் கிண்டினோம். அதற்குமேல் அம்மா, இடுப்பு போச்சு, கொஞ்சம் படுக்கிறேன் என்று உள்ளே போனாள். போனவள் படுக்கவில்லை, சமையலறைத் திரை அசைந்துகொண்டே இருந்தது, எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. துடுப்பை ஒரு நிமிஷம் நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும், கொப்பரையை விட்டு நான் எங்கும் நகர முடியாது, இதை மனதில் வைத்துக்கொள். அந்த நேரம் பார்த்து முற்றத்துக் கதவைத் திறந்துகொண்டு ஹலமா வந்தான். வெளிர் நிறக் கோட்டு, பளபளக்கும் ஷூ, கையில் அம்மாவுக்கென்று பூங்கொத்து. பூ எத்தனை என்று எண்ணினேன், ஆறு. சவப்பெட்டி மேல் வைக்கிற மாதிரி இரட்டைப்படையில் பூ கொண்டுவந்து நிற்கிறான் ஒரு மனிதன், பெண் கேட்க வந்தவன் மாதிரி சிரித்துக்கொண்டு. ஏழுதான் வாங்கினானாம், ஒன்று கார்க் கதவில் மாட்டி முறிந்துவிட்டதாம். யார் செத்தார்கள் என்று கேட்டேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்கப் பதினெட்டு வருஷம் காத்திருந்தது வீண்போகவில்லை.

அடுத்து நான் செய்தது நம் ஊர் வழக்கம், என்னைக் குற்றம் சொல்ல முடியாது. போவிட்லா கொதிக்கும்போது முற்றத்துக்குள் வருகிறவன் பேசுவதற்கு முன்னால் துடுப்பைப் பிடிக்க வேண்டும், அது ஆயராக இருந்தாலும் சரி. துடுப்பை அவன் கையில் கொடுத்துவிட்டு நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். வழக்கம் ஒன்றைக் கடைப்பிடிப்பதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நம் பிளம்ஸ் சாராயம் ஸ்லிவோவிட்சே ஊற்றினேனா என்று கேட்பாய். ஊற்றவில்லை. வீட்டுக்கு வந்தவனைக் கன்னத்தில் அறைந்தால்கூட நம் பக்கத்தில் மன்னித்துவிடுவார்கள், குடிக்கச் சின்னக் கிளாஸ் ஒன்று நீட்டவில்லை என்றால் பேரன் காலம் வரை பேசுவார்கள். புட்டி என் காலடியிலேயே இருந்தது, அவன் பார்க்கும்படியே இருந்தது. வேலிக்கு மேலே தலையை வைத்துக்கொண்டு யுரா மாமா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். யித்காவுக்காகச் சொல்கிறேன், யுரா பக்கத்து வீட்டுக்காரர், ஸ்டேடியத்தில் ஐஸ் வண்டி ஓட்டுகிறார், ஆட்டத்தின் நடுவே பனித்தளத்தைச் சீவித் தண்ணீர் விட்டு மெழுகுமே, அந்த வண்டி. பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு தோல்விக்கும் நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவரைச் சீண்டுவேன், ஒவ்வொரு வெற்றிக்கும் அவர் அந்தப் பக்கம் நின்று என்னைச் சீண்டுவார், அதுதான் எங்கள் நட்பு. "தலைவரே, இன்னும் அடியில போட்டுக் கிண்டுங்க, உங்க டீம் மாதிரி மேலாப்புல சுத்தக் கூடாது" என்றார் யுரா. ஹலமா அடியில் போட்டுக் கிண்டினான்.

வாத்தியாரே, நான் லுமீர் விஷயமா வந்தேன் என்று ஆரம்பித்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். லுமீர் விஷயத்தை என் வீட்டு முற்றத்தில் நான்தான் சொல்வேன் என்றேன். சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அறுவை ஆலைக்குப் பின்னால் உறைந்த குட்டையில் நீ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சறுக்கக் கற்றதிலிருந்து தொடங்கினேன். அவன் கிண்டினான். பக்கத்து ஊர் அணியில் நீ கேப்டன் ஆன வருஷத்தைச் சொல்லும்போது அவன் கோட்டைக் கழற்றி ஏணியில் மாட்டினான். கனடாவில் நீ தங்கியிருந்த வீட்டுக்காரம்மா வேளாவேளைக்கு வேர்க்கடலை வெண்ணெயே கொடுத்ததையும், அந்த உடம்போடு நீ எட்டு மாதம் ஆடியதையும் சொன்னபோது டையைத் தளர்த்தினான். பெரிய லீக்கில் ஆடிய அந்த ஒரே ஆட்டத்துக்கு வந்தபோது கொஞ்சம் நிதானித்தேன், இரண்டு முறை சொன்னேன். ஃபின்லாந்தில் பல்லைத் துப்பிவிட்டு நீ திரும்பப் போய் ஆடியதைச் சொல்லும்போது கொப்பரை கெட்டிப்பட்டுக் குமிழ்விட ஆரம்பித்தது, ஒரு துளி தெறித்து அவன் வெள்ளைச் சட்டையில் விழுந்தது, பிறகு ஒன்று, பிறகு பல. ஜெர்மனி முடிவதற்குள் அவன் பார்க்க ஊதாப் புள்ளி போட்ட கோழி மாதிரி ஆகிவிட்டான். யுராவுக்கு வேலியைப் பிடித்துக்கொண்டும் நிற்க முடியவில்லை, அப்படியொரு சிரிப்பு. கடைசியில், தோள் இல்லாதவன் செய்தது இவ்வளவுதான் என்று சொல்லி முடித்தேன். ஹலமா நெற்றியைத் துடைத்தான், துடைத்த இடமெல்லாம் ஊதா. என்ன தோள் என்று கேட்டான்.

லுமீர், அந்த இடத்தில் எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. அவன் நடிக்கவில்லை. பதினெட்டு வருஷமாக நான் ஒரு நாள் தவறாமல் சொல்லிப் பார்த்துக்கொண்ட அந்த வாக்கியம் அவனுக்கு ஞாபகமே இல்லை. சொன்ன இடம், சொன்ன தொனி, அன்றைக்கு அவன் போட்டிருந்த சட்டை எல்லாம் சொன்னேன். அவன் துடுப்பைப் பிடித்தபடி யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "நான் சொன்னது எனக்கு ஞாபகமில்ல, வாத்தியாரே. நீங்க வாசல்ல நின்னு சொன்னதுதான் இன்னும் காதுல இருக்கு. ஒவ்வொரு சீசனும் முதல் ஆட்டத்தன்னிக்கு அந்த வாசலப் பாப்பேன், வந்துட்டாரோன்னு." சொல்ல வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், இதற்கு மட்டும் வைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவன் உன் நிபந்தனையைச் சொன்னான். வசந்தத்தில் முதலில் கூப்பிட்டது கழகம் இல்லை, நீயே அவனைக் கூப்பிட்டு, வரட்டுமா என்று கேட்டாயாமே. இன்னும் எத்தனை வருஷம் ஆடுவேனோ அதை வீட்டில் ஆடுகிறேன் என்றாயாமே. ஆனால் அப்பாவை உள்ளே கூட்டிக்கொண்டு வருவது உங்கள் பொறுப்பு, அவர் இல்லாத ஸ்டேடியத்தில் எனக்கு ஆட்டம் வேண்டாம் என்றாயாமே. இதைச் சொல்லும்போது அவன் துடுப்பை நிறுத்திவிட்டான். நானும் கவனிக்கவில்லை. கொப்பரையிலிருந்து புகை வாசனை வந்தது.

அடுத்த கணம் சமையலறைக் கதவு சுவரில் மோத, இடுப்பு வலிக்காரி ஓடிவந்தாள் பார், இருபது வயதில்கூட அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. துடுப்பைப் பிடுங்கி, எங்கள் இருவரையும் ஒரே வாயில் திட்டிக்கொண்டே அடியைத் தொடாமல் மேலே மட்டும் கிண்டிக் காப்பாற்றினாள். அப்புறம்தான் தெரிந்தது, ஹலமாவைச் சனிக்கிழமை வரச் சொன்னதே அவள்தான். மற்ற நாளில் வந்தால் நான் எழுந்து காட்டுக்குப் போய்விடுவேன், போவிட்லா அன்றைக்கு மட்டும் கொப்பரையை விட்டு ஓட முடியாது என்று கணக்குப் போட்டிருக்கிறாள். முப்பத்தைந்து வருஷம் கூடவே இருந்துவிட்டு இப்படி ஒரு பொறி. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கிண்டுவதை நிறுத்தாமல், என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "போஹுஷ், அவன் முட்டி இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும். உன் கோவம் எத்தன வருஷம் தாங்கும்னு எனக்குத் தெரியாது. ஆனா உன் கோவத்த மடியில வச்சு நான் தாலாட்ட முடியாது, எனக்கு ரோஸா வேணும்."

உண்மையைச் சொல்கிறேன், அப்போதே நான் சரி சொல்லியிருப்பேன், வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஊரறியச் சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே. அதை மீறினால், பனியில் ஸ்கார்ஃபுகளைப் பிடித்துக்கொண்டு நின்றதெல்லாம் எதற்கு? பிள்ளைகளுக்கு என்ன முகத்தோடு போய் ரோமர்களின் வாக்குறுதியைப் பற்றிப் பாடம் நடத்துவது? வரத்தான் ஆசை, வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவன் மிதிக்க முடியாது என்றேன். ஹலமா தலையில் கையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அம்மா கொப்பரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் முதுகு மட்டும் தெரிந்தது, அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அப்போது வேலிக்கு மேலிருந்து யுரா கேட்டார்: "நீ சபதம் போட்டது வாசப்படி மேலதான? என் வண்டி போற கேட்டுக்கு வாசப்படியே கிடையாது. ஏறிக்கோ, உன்ன உள்ள கொண்டுபோய் விடுறேன். காலு தரையிலயே படாது."

நீ சிரிப்பாய். நான் சிரிக்கவில்லை, யோசித்தேன். வாழ்நாள் முழுதும் பழைய சட்டங்களின் வாசகத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கியவன் நான். வாசகம் என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். நான் ஸ்டேடியம் என்று சொல்லவில்லை, பனித்தளம் என்று சொல்லவில்லை, வாசற்படி என்றுதான் சொன்னேன், மிதிக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். எந்த நீதிமன்றத்திலும் நிற்கும். உரக்க இதை விளக்கிச் சொன்னேன், ஹலமா வாயைப் பிளந்தபடி கேட்டான், அம்மாவின் முதுகு குலுங்க ஆரம்பித்தது, அழுகிறாள் என்று பயந்துபோனேன், சிரிப்பு. நான் காலடியிலிருந்த புட்டியை எடுத்து நாலு கிளாஸ் ஊற்றினேன், ஹலமாவுக்கும் சேர்த்துத்தான். ஒரே கிளாஸோடு, ஒற்றைக் காலில், யாரும் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பது வழக்கம், அதனால் இரண்டாவது காலுக்கும் ஊற்றினேன். போவிட்லாவை இறக்கி மூடிவிட்டு, நாளை என்றால் என் மனசு மாறிவிடும் என்று அம்மா சொன்னபடியால், அப்படியே கிளம்பிவிட்டோம். நான் ரப்பர் பூட்ஸோடும் ஏப்ரனோடும், ஹலமா ஊதாப் புள்ளிகளோடும், அம்மா கீழே வைக்க மறந்துபோன துடுப்போடும், முன்னால் யுரா ராஜநடை போட்டுக்கொண்டும். வெயில் இன்னும் இறங்கவில்லை, தெருவில் எல்லாரும் இருந்தார்கள். ஸ்லாவெக்கின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், அவன் கையிலிருந்த கூடையில் என் காட்டுக் காளான்.

இந்த வருஷம் குளிரூட்டும் இயந்திரம் பழுதாகி, பனித்தளம் போடுவது தள்ளிப்போயிருந்தது. வெள்ளைப் பூச்சு பூசி, கோடுகளும் வட்டங்களும் வரைந்து, மேலே முதல் படலங்களை அப்போதுதான் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஐஸ் வண்டியில் இருக்கை ஒன்றுதான், நான் பக்கத்துப் படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். யுரா வேண்டுமென்றே ஹாரனை அடித்தார். பின்பக்கத்துப் பெரிய கதவு மேலே எழும்பியது. லுமீர், அந்தக் குளிர் முகத்தில் வந்து மோதியதும் எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. உள்ளே போகும் நாள் வந்தால் என்ன பேசுவது என்று ஒரு பிரசங்கமே வைத்திருந்தேன், லத்தீன் மேற்கோளோடு. அதற்குப் பதிலாகச் சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர் வருகிறது, வண்டி போகிறது, வெள்ளைவெளேரென்று தளம் முழுக்க விளக்கு வெளிச்சம். அங்கே ஹலமா ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் நின்று ஒற்றை ஆளாகக் கைதட்டுகிறான், அம்மா துடுப்பைத் தூக்கி வெற்றிக் கோப்பை மாதிரி ஆட்டுகிறாள். யுராவுக்கு உற்சாகம் தலைக்கு ஏறி மூலையில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினார். நான் கம்பியை விட்டுவிட்டேன். விழுந்தது வலிக்கவில்லை, உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு போனேன், சிறுவயதுக்குப் பிறகு அப்படிப் போனதில்லை, போய் நம் கோலுக்கு இடப்பக்கத்துச் சிவப்பு வட்டத்துக்குள் நின்றேன். எழுந்து பார்த்தால், என் பூட்ஸிலும் ஏப்ரனிலும் ஒட்டியிருந்த போவிட்லா அந்தப் பளிங்கு வெள்ளையில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதாக் கறையாக அப்பியிருந்தது. யுரா வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பெற்றவள், பாட்டி எல்லாரையும் இழுத்துத் திட்டினார். துடைத்தோம், போகவில்லை, பழச்சாறு படலத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. சீவி எடுத்தால்தான் போகும், சீவினால் வெள்ளைப் பூச்சும் வந்துவிடும். ஹலமா இறங்கி நடந்து வந்து கறையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "விடுங்க யுரா. அது அங்கயே இருக்கட்டும். மேல தண்ணிய விடுங்க" என்றான். யுரா விட்டார். நாங்கள் நாலு பேரும் ஓரத்தில் நின்று அது உறைவதைப் பார்த்தோம்.

ஹலமாவை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. இன்னும் இல்லை, அவனிடமும் சொல்லிவிட்டேன், அதுக்கென்ன, ஆட்டத்துக்கு வந்து திட்டுங்க என்றான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஐஸ் வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று விதி இருக்கிறதாம், அதனால் திங்கட்கிழமை கொத்தனாரைக் கூட்டி வந்து முன்வாசல் கல்படியைப் பெயர்த்து எடுத்துவிட்டுச் சரிவாகச் சிமென்ட் பூசச் சொல்லிவிட்டான். சக்கர நாற்காலிக்காரர்களுக்காக என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஊருக்கு எல்லாம் தெரியும். பெயர்த்த கல்லை யுரா தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்து நம் முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனார், உன் சொத்து, நீயே வச்சுக்கோ என்று. கொப்பரைக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன், உட்கார வசதியாக இருக்கிறது.

இனி சில புத்திமதிகள். அங்கே எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே, விடைபெறும் விருந்தில் நீட்டினாலும் போடாதே. முழங்காலுக்கு எப்போதும் கம்பளி சுற்று, இளைஞர்கள் கையுறையைக் கழற்றி எறிந்து சண்டைக்கு வந்தால் நீ சிரித்துவிட்டு நகர்ந்துபோ, இருக்கிற பல்லோடு வீடு வந்து சேர வேண்டும். ரோஸாவுக்குக் கனமான பூட்ஸ் இங்கே வாங்கிக்கொள்ளலாம், சுமக்காதே. பத்திரிகைக்காரன் கேட்டால் பழசையெல்லாம் மறந்துவிட்டோம் என்று மட்டும் சொல்லாதே, நான் மறக்கவில்லை. யித்காவிடம் சொல், மேல்மாடி அறைக்கு வெள்ளை அடித்துவிட்டோம், ஜன்னலைத் திறந்தால் ஸ்டேடியக் கூரை.

உனக்குத் தர வேண்டிய அந்த ஒரு சொல்லை இந்தக் கடிதத்தில் தேடாதே, எழுதவில்லை. இடப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரன் நீ, நடுவர் வட்டைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும்போது நம் கோலுக்கு இடப்பக்கத்து வட்டத்தில்தான் குனிந்து நிற்பாய். முதல் ஆட்டத்தில் குனிந்ததும் கீழே பார். பனிக்கு அடியில், நீ எத்தனை முறை சறுக்கினாலும் அழியாதபடி, ஊதா நிறத்தில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து பார், நேர் எதிரே ஏழாவது வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

மூன்று பேரையும் இறைவன் நல்லபடியாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும், அம்மாவின் முத்தங்களும் என் ஆசியும். காலி சீசா இரண்டையும் மூடியோடு மறக்காமல் எடுத்து வா, போன வருஷத்து மூடிகளே இன்னும் வரவில்லை என்று அம்மா சொல்லச் சொல்கிறாள்.

வழி பார்த்திருக்கும்
உன் அப்பா,
போஹுஸ்லாவ் குபெல்கா